போர்டுகள் இல்லாத ஆயுதபூஜை

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர்களால் எந்தத் தொழிற்சாலைக்கும் கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நன்றாகத் தெரிந்தவர்களாலும் வந்ததில்லை. அவர்கள் பாட்டுக்குக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். ஆபத்தெல்லாம் நடுவில் இருக்கிறவர்களால்தான். கொஞ்சம் தெரியும், அந்தக் கொஞ்சத்தையும் நாலு பேர் பார்க்கக் காட்டியே தீர வேண்டும் என்று ஓர் அரிப்பும் இருக்கும் பாருங்கள், அந்த ரகம். நான் அந்த ரகத்தில் முதல் தரம்.

எண்பதுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன். கிணற்றுக்கும் வயலுக்கும் போகிற தண்ணீர் பம்புகள் செய்கிற கம்பெனி. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த கையோடு ஊத்தங்கரையிலிருந்து ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கியிருந்தேன். செய்து முடித்த பம்புகளில் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கிற டெஸ்டிங் பகுதியில் எனக்கு வேலை. பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. ஆயுதபூஜை கழிந்ததும் யாரைப் பெர்மனென்ட் ஆக்குவது, யாருக்கு டாட்டா காட்டுவது என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு.

பெர்மனென்ட் ஆகாவிட்டால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் அண்ணன் உரக்கடை வைத்திருந்தான். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், "இன்னும் பெர்மனென்ட் பண்ணலியா உன்ன? சரி வுடு தேனு, கடை இருக்குது, உனக்கு என்னா கவலை?" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்புதான் எனக்குக் குலை நடுக்கம். ஓசூரில் எனக்குச் சொந்தச் சம்பளம் இருந்தது, இரண்டு தோழிகளோடு ஓர் அறை இருந்தது, யாரிடமும் கேட்காமல் பரோட்டா சாப்பிடும் சுதந்திரம் இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு யூரியா மூட்டைக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் நடுவில் ஆயுசு முழுக்க உட்காருவதை நினைத்தால் அழுகை வந்தது. (அந்த வாடை தலைமுடியில் ஏறினால் எந்தச் சீயக்காய்க்கும் போகாது.)

முடிவு செய்கிறவர் கேசவமூர்த்தி சார். பர்சனல் ஆபீசர். தினமும் பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். எங்களிடம் கன்னடத்தில் கேள்வி கேட்டு, தமிழில் பதில் வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் திட்டுவார். என்னை வேலைக்கு எடுக்கும்போது, "பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார். மற்ற பெண்கள் கோலம், தையல் என்று சொல்லித் தப்பித்துவிட்டார்கள். நான், "ஆங்கில அகராதி வாசிப்பது சார்" என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அகராதியே கிடையாது. ஆனால் அந்த மனிதர் அதை நம்பி, ஞாபகமும் வைத்துக்கொண்டார்.

கேசவமூர்த்தி சாருக்கு ஒரே ஒரு மனக்குறை. தொழிற்சாலை முழுக்க ஆங்கிலத்தில் போர்டு மாட்டியிருக்கிறது, ஒருத்தரும் படிப்பதில்லை என்பது. அது உண்மைதான். ஹெல்மெட் போடச் சொல்கிற போர்டில் சாப்பாட்டுப் பையை மாட்டியிருப்பார்கள். நுழையாதே என்கிற போர்டுக்குப் பின்னால்தான் மத்தியானத் தூக்கம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று ஏற்கெனவே நாக்கு வேலை செய்துகொண்டிருக்கிற ஊரில், சுவரிலிருப்பதை வேறு யார் படிப்பார்கள்? அதற்காக அந்த வருஷ ஆயுதபூஜைக்கு அவர் ஒரு திட்டம் போட்டார்.

ஓசூரில் ஆயுதபூஜை என்றால் தீபாவளியெல்லாம் அதற்கு அப்புறம்தான். முந்தின நாளே மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடாது. எல்லாரும் குடும்பத்தோடு கம்பெனிக்குள் வருவார்கள். நம்ம ஆள் எங்கே நின்று வேலை செய்கிறார் என்று மனைவியும் மாமியாரும் வந்து பார்க்கிற ஒரே நாள் அது. பூஜை முடிந்ததும் முதலாளியின் மனைவி ஒரு பச்சைப் பட்டனை அழுத்தி ஏதாவது ஒரு மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டுவார். அது ஓடினால் வருஷம் முழுக்க எல்லாம் ஓடும் என்று நம்பிக்கை. அப்புறம் பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய் உடைப்பது. காலை வேளையில் பூஜைக்கு முன்னால் போட்டிகள்.

அன்று காலை கேசவமூர்த்தி சார் ஒரு கரும்பலகையில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதினார். ஈ, ஆர், டி. இந்த மூன்றும் உள்ள ஆங்கில வார்த்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை முன்னே பின்னே இருக்கலாம், நடுவில் வேறு எழுத்துகளும் வரலாம். எந்தப் பகுதி அதிகம் கண்டுபிடிக்கிறதோ அதற்குப் பரிசு. ஆனால் ஒரு நிபந்தனை. வார்த்தை நம் காம்பவுண்டுக்குள் எங்காவது எழுதியிருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

"இவத்து ஒரு நாளாவது எல்லாரும் போர்டு படிச்சே ஆகணும்!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்து, "ஏனம்மா தேன்மொழி, அகராதி எல்லாம் படிக்கிற பொண்ணு நீ. நோடோணா, பாக்கலாம் உன் இங்கிலீஷ்" என்றார். ஜெயிக்கிறவர் பெயர் முதலாளிக்குப் போகும் என்றும் சேர்த்துச் சொன்னார். பெர்மனென்ட் ஆர்டர் என் எதிரில் நின்று கையசைக்கிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால் பெர்மனென்ட் என்ற வார்த்தையிலேயே அந்த மூன்று எழுத்தும் இருந்தன. டிரெய்னி என்பதிலும் இருந்தன. இது கடவுள் எனக்காகவே வைத்த போட்டி என்று முடிவு கட்டினேன்.

ஒரு காகிதத்தில் மடமடவென்று எழுதினேன். லிட்டரேச்சர், தியேட்டர், பட்டர், சிஸ்டர், பிரதர், டாட்டர். கொண்டுபோய் நீட்டினேன். கேசவமூர்த்தி சார் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"லிட்டரேச்சர். வெரி குட். நம்ம பம்ப் கம்பெனியில அது எல்லி இதெ? காட்டு."

"சார், அது... பொதுவா..."

"பட்டர்?"

"கேன்டீன்ல..."

"நம்ம கேன்டீன்ல பட்டரா?" என்று அவர் கேட்டபோது, அக்கவுண்ட்ஸ் பகுதிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் பெங்களூர் பஸ்ஸில் ஆங்கிலப் பேப்பரை விரித்துக்கொண்டு வருகிற கோஷ்டி. என் காகிதத்தில் இருந்த எல்லா வார்த்தைகளுக்கும் குறுக்கே கோடு விழுந்தது. அவர்களோ தங்கள் அறைக்குள்ளிருந்தே ரிஜிஸ்டர், லெட்டர், டைப்ரைட்டர் என்று சாமான்களைத் தூக்கி வந்து காட்டிவிட்டார்கள். நான் முகம் சிவக்க டெஸ்டிங் பகுதிக்குத் திரும்பி வந்தேன். உண்மையைச் சொன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தேன்.

அங்கே முனியப்பா நின்றுகொண்டிருந்தான். பேரிகைக்காரன், ஃபிட்டர், என்னைவிட ஒரு வயது சின்னவன். வீட்டில் தெலுங்கு. எங்கள் பகுதியின் மானம் போனதில் அவனுக்கு என்னைவிடக் கோபம்.

"ஏமக்கா, அழுவறீங்களா? அவங்க சாமானத் தூக்கிட்டு வந்து காட்டினாங்க இல்ல? நாமளும் தூக்கினு போலாம். மேசை மேல வச்சுட்டா எவன் இல்லன்னுவான்?"

"நம்மகிட்ட என்ன இருக்கு முனியப்பா?"

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுவரைக் காட்டினான். அங்கே எங்கள் கன்ட்ரோல் பேனல் இருந்தது. டெஸ்டிங், கழுவுகிற இடம், உலர்த்துகிற இடம் எல்லாவற்றின் மெஷின்களுக்கும் அதில்தான் ஸ்விட்ச். வரிசை வரிசையாகப் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். ஒவ்வொரு ஜோடிக்கும் தலைக்கு மேல் ஓர் அலுமினியத் தகடு. ஸ்டார்ட்டர், ஹீட்டர், வாட்டர், பில்டர், டெஸ்டர், கட்டர். எனக்குக் கண் கலங்கியது. மின்சாரச் சாமானுக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரன் ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் அந்த மூன்று எழுத்துகளையும் எனக்காகவே சொருகிவிட்டுப் போயிருந்தான்.

"கழட்டலாமா?" என்று கேட்டேன். டிப்ளமோ படித்தவள் நான். எலக்ட்ரிகல். இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"இன்னிக்கு மெஷினே ஓடாதே அக்கா. நேனு கழட்டறேன், நீங்க எழுதிக்கோங்க. பூஜை முடிஞ்சதும் மாட்டிட்டா ஆச்சு."

தடுக்க வேண்டிய ஆள் ரஹீம் பாய். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கிருஷ்ணகிரிக்காரர். ஆனால் அவர் அந்த நேரம் சந்தையில் இருந்தார். குங்குமத்திலிருந்து வெள்ளைப் பூசணி வரை எங்கள் கம்பெனி ஆயுதபூஜைச் சாமான் எல்லாம் வருஷா வருஷம் ரஹீம் பாய்தான் வாங்குவார். வேறு யார் போனாலும் பூக்காரம்மா விலையைக் குறைக்க மாட்டாள்.

முனியப்பாவிடம் ஒரு குணம். ஸ்க்ரூவைக் கண்டால் கை நிற்காது. நான் வார்த்தையைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அடுத்த தகட்டைக் கழற்றிவிடுவான். "முனியப்பா, இதில் டி இல்லை" என்றால், "இருக்கட்டும் அக்கா, சேஃப்டிக்கு" என்பான். கொஞ்ச நேரத்தில் பேனல் மொட்டையாகிவிட்டது. பச்சையும் சிவப்புமாக வெறும் பட்டன்கள் மட்டும் எங்களைப் பார்த்து முழித்தன.

அதோடு எங்களுக்கு வெறி அடங்கவில்லை. கேட்டில் செக்யூரிட்டி, மூலையில் ஜெனரேட்டர், அந்தப் பக்கம் ஸ்டோர். தீயணைப்பு உருளையின் மேலேயே பெயிண்டால் எக்ஸ்டிங்குவிஷர் என்று எழுதியிருந்ததால் அதை உருளையோடு தூக்கினோம். முதலுதவி அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் என்று எழுதிய பெட்டி. பெட்டிக்குள் இருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் முனியப்பாவுக்கு நல்ல யோசனை வந்தது. எல்லாப் போர்டையும் அதில் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தி, தலைப்பக்கம் அவனும் கால்பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

குடும்பங்கள் வந்து சேருகிற நேரம் அது. துணி போர்த்திய ஸ்ட்ரெச்சர் ஒன்று கனமாக எதிரில் ஓடி வருவதைப் பார்த்ததும் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், "ஐயோ, எந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சோ!" என்று அலறிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த எல்லாருடைய மனைவிகளும் தங்கள் தங்கள் கணவர் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். "போர்டும்மா, போர்டு! ஒண்ணும் ஆவல!" என்று முனியப்பா திரும்பிக் கத்தினான். போர்டு என்று ஓர் ஆள் அடிபட்டுவிட்டதாக நினைத்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கேசவமூர்த்தி சாரின் மேசையில் எங்கள் வார்த்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். எக்ஸ்டிங்குவிஷரை வைத்தபோது மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆதாரம் காட்டச் சொன்னவர் அவர், நாங்கள் காட்டுகிறோம். சட்டப்படி என்ன சொல்ல முடியும்? முனியப்பா ஆர்வத்தில் அவர் மேசையிலேயே இருந்த அவருடைய பெயர்க்கட்டையையும் எடுத்துக் குவியலில் வைத்தான். கேசவமூர்த்தி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அந்த மூன்று எழுத்தும் வரும்.

"மனுஷன் பேர் செல்லாது" என்று அவர் பலவீனமாகச் சொல்லித் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார்.

கடைசியாக முனியப்பா இடுப்பிலிருந்து ஒரு பித்தளைப் பலகையை உருவினான். பளபளவென்று இருந்தது. மேனேஜிங் டைரக்டர். முதலாளி அறைக் கதவிலிருந்து கழற்றியது. எனக்கே அது தெரியாது. டைரக்டர் என்பதில் ஈ இருக்கிறது, ஆர் இருக்கிறது, டி இருக்கிறது. அதோடு அக்கவுண்ட்ஸ் பகுதியை முந்திவிட்டோம்.

நான் ஜெயித்துவிட்டேன். கைதட்டினார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குடம் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். அந்தக் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் எப்போதும் இல்லாத சந்தோஷத்தில் நின்றேன். உரக்கடை கல்லாவில் வேறு ஆளைப் பார்த்துக்கொள் அண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் முதலாளியின் கார் வந்தது.

முதலாளி வெள்ளை சஃபாரி சூட்டில் இறங்கி நேராகத் தன் அறைக்குப் போனார். கதவில் போர்டு இல்லை. நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள்தான் இருந்தன. இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்கும் பங்குதாரரான அவர் தம்பிக்கும் அப்போது ஆகவில்லை. தம்பி பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அண்ணனைப் பதவியிலிருந்து தூக்கிவிடப் பார்க்கிறார் என்று ஊருக்கே தெரியும். முதலாளி அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். முகத்தில் ரத்தமே இல்லையாம். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், தோற்றுப்போன மனிதர் மாதிரி மெதுவாகப் பூஜை நடக்கும் இடத்துக்கு வந்து நின்றார். நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம்.

நல்ல நேரம் முடிவதற்குள் பூஜையை முடிக்க வேண்டும் என்று ஐயர் அவசரப்படுத்தியதில் போர்டுகளை மாட்ட நேரமே இல்லை. பூஜை எங்கள் டெஸ்டிங் கூடத்தில்தான். பேனலுக்கு எதிரில் பெரிய தாம்பாளங்களில் பொரி மலை மலையாகக் குவித்திருந்தது. பக்கத்தில் குங்குமம், விபூதி, பொட்டுக்கடலை, உதிரிப்பூ. கற்பூரம் காட்டி முடித்தார்கள். முதலாளியம்மா பட்டுப்புடவை சரசரக்கப் பேனல் முன்னால் வந்து விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது.

"யாவுது? எந்தப் பட்டன்?" என்று கேட்டார்.

டெஸ்டிங் ஆட்கள் ஆளுக்கு ஒரு பட்டனைக் காட்டினார்கள். எல்லாப் பட்டனும் ஒன்றுபோல இருந்தன. போர்டைப் படிக்காமலே வேலை செய்கிறவர்கள் என்று கேசவமூர்த்தி சார் யாரையெல்லாம் திட்டினாரோ அவர்கள் எல்லாரும் அந்தத் தகடுகளைத்தான் நம்பியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்ற சாமானையெல்லாம் முன்னாலேயே அனுப்பிவிட்டு, கடைசியாகப் பூசணிக்காயோடு அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து வாசலில் நின்ற ரஹீம் பாய், மொட்டைப் பேனலைப் பார்த்து, "யா அல்லா!" என்றார்.

கேசவமூர்த்தி சார் பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கழட்டினது நீதானே? ஹேளம்மா. எது?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கையில் குடம் இருந்தது. சற்று முன்னால்தான் கைதட்டியிருந்தார்கள். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் போனேன். இருப்பதிலேயே பெரிய பச்சைப் பட்டன் ஒன்று இருந்தது. பார்க்க மரியாதையாக இருந்தது.

"இது மேடம்" என்றேன்.

அவர் அழுத்தினார்.

அது ப்ளோயர். கழுவின பம்புகளை உலர்த்துவதற்கான ராட்சசக் காற்றாடி. அதன் வாய் பொரித் தாம்பாளங்களுக்கு நேர் பின்னால் இருந்தது. ஓர் உறுமல் கேட்டது. அடுத்த நொடி மொத்தப் பொரியும் எழுந்து எங்கள் மேல் பாய்ந்தது. பொரிக்குப் பின்னால் பொட்டுக்கடலை வந்தது. அது வலித்தது. அதற்குப் பின்னால் குங்குமம் ஒரு சிவப்பு மேகமாகக் கிளம்பி, நேராகப் போய் வெள்ளை சஃபாரி சூட்டில் குடியேறியது. ஐயர் மணியைப் பிடித்தபடி வாழைக்கன்றோடு சாய்ந்தார். யாருடைய மாமியாரோ, "இந்த வருஷம் பூஜை ஜோரா இருக்குதே!" என்று மகிழ்ந்தார்.

"நிறுத்து! நில்சு!" என்று கேசவமூர்த்தி சார் கத்தினார். அடிக்கிற காற்றில் கண்ணைத் திறக்க முடிந்தால்தானே எது சிவப்பு, எது பச்சை என்று பார்ப்பது? நான் ஒன்றை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. பதற்றத்தில் அவரும் பாய்ந்து வந்து கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்தினார். ஷிஃப்ட் சங்கு ஊதத் தொடங்கியது. இன்னொன்றில் டெஸ்டிங் பம்ப் ஓடத் தொடங்கியது. பூஜைக்காகக் குழாயைக் கழற்றி வைத்திருந்ததால் தண்ணீர் கூரை வரை பீய்ச்சி எங்கள் மேலேயே விழுந்தது. முதலாளியின் மேலிருந்த குங்குமம் தண்ணீர் பட்டுக் கரைந்து அவர் ஷூ வரை வழிந்தது. அவர் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. தம்பி இவ்வளவு தூரம் திட்டம் போட்டிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஓசூரில் கரண்ட் போனதற்காக நான் கைகூப்பி நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான். எல்லாம் அடங்கியது. மேலே சுற்றிக்கொண்டிருந்த பொரி அமைதியாக எங்கள் தலையில் இறங்கியது. ரஹீம் பாய் ஓடிப்போய் வெளியே மெயின் கைப்பிடியை இறக்கினார். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் விசாரணை நடந்தது. நான் குடத்தோடு நின்றேன். குடத்தில் பாதி வரை தண்ணீரும் பொரியும் இருந்தன. கேசவமூர்த்தி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சார், இந்த டிரெய்னியை நாளைக்கே அனுப்பிடறேன். போர்டு எல்லாம் கழட்டினது இவள்தான். உங்க ரூம் போர்டு கூட..." என்றார்.

முதலாளி சட்டென்று நிமிர்ந்தார். "என் போர்டா? இந்தப் பொண்ணா கழட்டினது?"

"ஆமா சார். வேர்ட் காம்பெட்டிஷனுக்கு."

"என் தம்பி இல்லையா?"

"இல்ல சார். ஈ, ஆர், டி."

தலை முதல் கால் வரை சிவந்திருந்த அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததும் முதலாளியம்மாவும் சிரித்தார். அவருடைய கொண்டையிலிருந்து பொரி உதிர்ந்தது. ஆனாலும் கேசவமூர்த்தி சார் விடவில்லை. ஒழுங்கு நடவடிக்கை என்று என்னவோ ஆங்கிலத்தில் சொன்னார். ஊத்தங்கரை பஸ் என் கண் முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ரஹீம் பாய் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன். நானே போன மாசம்தான் நம்ம பழைய பிளான்ட்டுலேருந்து இங்க மாறி வந்தேன். தகட்டப் பாத்துதான் ஸ்விட்ச் போடுறேன். அந்தப் பேனல்ல எது எதுக்குன்னு இப்ப யாருக்கும் தெரியாது. கழட்டின பொண்ணுக்குத்தான் தெரியும். இத அனுப்பிட்டீங்கன்னா நாளைக்குக் கம்பெனிய எப்படி ஓட்டறது?"

முதலாளி என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. முனியப்பா கழற்றின வேகத்தில் எந்தத் தகடு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியாது. எல்லாம் ஸ்ட்ரெச்சரில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவனைப் பார்த்தேன். அவன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

"தெரியும் சார்" என்றேன்.

மறுநாளிலிருந்து நானும் முனியப்பாவும் பேனலுக்குத் தகடு மாட்டத் தொடங்கினோம். முறை இதுதான். நான் ஒரு பட்டனை அழுத்துவேன். அவன் கூடத்தில் ஓடி ஓடித் தேடுவான். "அக்கா, இக்கட! பில்டரு!" என்று எங்கிருந்தாவது கத்துவான். சில சமயம் "அக்கா, அய்யய்யோ!" என்று மட்டும் கத்துவான், அப்போது உடனே நிறுத்திவிடுவேன். யாராவது எட்டிப் பார்த்தால், நெற்றியைச் சுருக்கி, "டெஸ்ட் பண்றோம்" என்போம். வேலையை முடிக்க எங்களுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு தகடு மாட்டி முடிந்ததும் நான் உரக்கடைக்கு ஒரு தகடு நெருக்கமாகிறேன் அல்லவா?

கடைசியில் என்னைக் காப்பாற்றியது கேசவமூர்த்தி சாரின் ஒழுங்குதான். தொழிற்சாலையைப் பார்வையிட அதிகாரிகள் வரப்போவதாகத் தகவல் வந்தது. பேனலுக்குப் பொறுப்பாளர் யார் என்று எழுதி ஒட்ட வேண்டும். பேனலைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என்று கம்பெனியே நம்புவது என்னை. ஆனால் ஒரு டிரெய்னியைப் பொறுப்பாளர் என்று போட முடியாது, விதி இல்லை. அந்த மனிதர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமலே பெர்மனென்ட் ஆர்டரை நீட்டினார்.

"சாக்கு தாயி, போதும். இனிமேல் இங்கிலீஷ் படிக்காதே" என்றார்.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. எனக்குத் தெரியும் என்பதால்தான் எனக்கு வேலை. ஆகவே எனக்குத் தெரியாது என்பது தெரியவே கூடாது. அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கம்பெனியில் எந்த ஸ்விட்ச் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் போய் இடுப்பில் கை வைத்து நிற்பேன். என் வீட்டுக்காரர் திருமணமான புதிதில், "உனக்கு உண்மையாவே எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அன்று ஆரம்பித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் இந்தக் கதை மனப்பாடம். மிக்ஸி போடப் போனால்கூட, "பொறுப்பாளரைக் கூப்பிடு" என்பார்கள்.

விருப்ப ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. கம்பெனியில் இப்போது இருக்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேரின் முகமே எனக்குத் தெரியாது. பேனலையும் மாற்றிவிட்டார்கள், எல்லாம் கம்ப்யூட்டர். ஆனாலும் ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் கற்பூரம் காட்டி முடித்ததும் எனக்கு ஒரு போன் வரும். முதல் பட்டனை என்னைக் கேட்காமல் அழுத்துவதில்லை என்பது அங்கே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அது ஏன் வந்தது என்று கேட்கிற பையனுக்கும் தெரியாது. வீட்டில் எல்லாரும் சுண்டல் கிண்ணத்தோடு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள்.

"மேடம், பூஜை முடிஞ்சது. எத மேடம் போடட்டும்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இடைவெளி விட்டு, முப்பது வருஷ அனுபவத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டு சொல்வேன்:

"முதல்ல பொரியை மூடுப்பா. அப்புறம் எத வேணா போடு."